பலகையில் காணாமல் போன யோசனை

அண்ணனும் தங்கையும் ஒரே ஆபீசில் வேலை பார்க்கவே கூடாது. அப்படியே பார்த்தாலும் தங்கை மேலே, அண்ணன் கீழே என்று இருக்கவே கூடாது. இதை அந்த ஆபீசில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், கேட்காமலேயும் சொல்வார்கள். அவள் அங்கே தொழில்நுட்பத் தலைவி. பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் சீட்டு பதிவு செய்கிற மென்பொருளை எழுதும் நூற்றுச் சொச்சம் பேருக்கு அவள் சொன்னால்தான் பொழுது விடியும். அவள் அண்ணனுக்கு அதே மாடியில், நடைவழிக் கோடியில் இருந்த சோதனை அறை. அவனும் இன்னும் ஐந்து பேரும் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து, மற்றவர்கள் எழுதியதை நோண்டி நோண்டிப் பார்ப்பார்கள். ஒரே இருக்கையை இரண்டு பேருக்கு விற்கிறதா, ரத்து செய்தவனுக்குப் பணம் திரும்பிப் போகிறதா, இதெல்லாம் அவர்கள் கவலை. அவர்கள் சரி என்று சொல்லாமல் எதுவும் வெளியே போகாது. அதனால் அண்ணனுக்கு ஆபீசில் 'பூதக்கண்ணாடி' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவனுக்கும் அது தெரியும், உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அவளை அந்த ஆபீசில் சேர்த்துவிட்டதே அவன்தான். அவள் மளமளவென்று மேலே போனாள், அவன் அதே அறையில் இருந்தான். ஆபீசில் அவளை 'மேடம்' என்பான், முகத்தில் ஒரு சின்னச் சிரிப்புகூட இருக்காது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே "ஏய், சாவியை எங்கடி வச்சுத் தொலைச்ச?" என்று ஆரம்பிப்பான். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள் அவள். அண்ணன், அண்ணி, வெளியூரில் படிக்கும் அண்ணன் மகள், இவர்களோடு ஒரே வீடு, ஒரே அடுப்பு. வீட்டுக் கடனும் இரண்டு பேர் பெயரிலும்தான்.

அவள் எது செய்தாலும் 'அண்ணனுக்காகத்தான்' என்று ஒரு முணுமுணுப்பு கிளம்பும். சோதனை அறைக்குப் புது நாற்காலி வந்தால் அண்ணனுக்காக. மாடிக்கே புது விளக்கு போட்டால் அதுவும் அண்ணனுக்காக! இந்தப் பேச்சுக்குப் பயந்து பயந்து, அண்ணனுக்கு நியாயமாக வர வேண்டிய பதவி உயர்வைக்கூட அவள் வருஷா வருஷம் தள்ளிப்போட்டாள். அவனும் அதைப் பற்றி ஒரு நாளும் வாய் திறந்து கேட்டதில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இவளுக்கு இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் முதலாளி எங்கேயோ ஒரு மாநாட்டுக்குப் போய்விட்டு வந்தார். மாநாட்டுக்குப் போய்விட்டு வந்த முதலாளியைப் போல ஆபத்தான பிராணி கிடையாது. "நம்ம தலையில இருக்கிற மூளை எவ்வளவுன்னு நினைக்கிறீங்க? கூட்டத்தோட மூளைதான் மூளை! கீழே இருந்து யோசனை வரணும், எல்லார்கிட்டேயும் கேளுங்க, அவங்களே தேர்ந்தெடுக்கட்டும்" என்றார். அவளுக்கும் அது பிடித்திருந்தது. பொய் சொல்வானேன், உண்மையாகவே பிடித்திருந்தது. எல்லாரும் சேர்ந்து முடிவு செய்தால் அண்ணனுக்காக என்ற பேச்சு ஒழியும் அல்லவா?

அவளே உட்கார்ந்து அதற்கு ஒரு பக்கத்தை உருவாக்கினாள். 'பொதுப் பலகை' என்று பெயர் வைத்தாள். ஆபீசில் யார் வேண்டுமானாலும் யோசனை எழுதலாம், பெயர் தெரியாது. பிடித்த யோசனைக்கு ஓட்டு போடலாம், அதற்கும் பெயர் தெரியாது. முதலிடம் வருவதை நடைமுறைக்குக் கொண்டுவந்தே தீருவோம் என்று பெரிய ஹாலில் எல்லாரையும் கூட்டி அறிவித்தாள். பின்வரிசையில் ஒருத்தன் சும்மா இல்லாமல், "உங்க வீட்டு ஆளைப் பத்தி வந்தா என்ன மேடம் பண்ணுவீங்க?" என்று கேட்டான். ஹால் முழுக்கச் சிரிப்பு. அண்ணனும் சேர்ந்து சிரித்தான். இவளுக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது.

"எங்க வீட்டு ஆளைப் பத்தி வந்தாலும் செய்வேன். ஒரே விஷயத்தைப் பத்துப் பேர் எழுதியிருந்தா அதை ஒண்ணா சேர்ப்போம், அவ்வளவுதான். மத்தபடி ஒரு எழுத்தையும் தொட மாட்டேன்" என்றாள். அந்த வாய் அன்றைக்குச் சும்மா இருந்திருக்கக் கூடாதா!

பலகை நிரம்பி வழிந்தது. குளிர் தாங்கவில்லை, கொஞ்சம் குறையுங்கள் என்று ஒரு கூட்டம். வேர்க்கிறது, இன்னும் கூட்டுங்கள் என்று ஒரு கூட்டம். கழிவறைத் தாழ்ப்பாள் சரியில்லை என்று ஒரு மகராசன் விதவிதமாக எழுதித் தள்ளினான். திங்கட்கிழமைக் கூட்டத்தை ஒழியுங்கள் என்பது மளமளவென்று ஏறி முதலிடத்தில் போய் உட்கார்ந்தது. அந்தக் கூட்டத்தை நடத்துவதே அவள்தான். அவள் சிரித்துக்கொண்டாள். நன்றாக ஒழியட்டும், அவளுக்கும் அது பிடிக்காது.

ஓட்டு முடிகிற அன்று மதியம், எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில், ஒரே மாதிரி இருப்பவற்றைச் சேர்த்து ஒழுங்குபடுத்த உட்கார்ந்தாள். குளிரையெல்லாம் ஒன்றாக்கினாள், தாழ்ப்பாளையெல்லாம் ஒன்றாக்கினாள். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. 'சோதனை அறையை மூடுங்க. எழுதுறவனே சரிபார்த்துக்கட்டும். அந்தக் கதவுக்கு முன்னாடி காத்துக் கிடந்தே பாதி ஆயுசு போகுது.' அதற்குக் கீழே வேறு யாரோ, 'அங்க இருக்கிறவங்களுக்குக் குறை சொல்ல மட்டும்தான் தெரியும், சம்பளம் தண்டம்' என்று சேர்த்திருந்தார்கள். முதலிடத்துக்குப் பக்கத்தில்கூட அது வரவில்லைதான். ஆனாலும் நாளைக்கு ஹால் திரையில் முழுப் பட்டியலும் ஓடுமே. அண்ணன் கண்ணால் இதைப் படிப்பானே. துடித்துப் போய்விடுவானே!

கொஞ்சம் கீழே இன்னொன்று இருந்தது. 'சோதனை அறைச் சுவரை இடிச்சுடுங்க. அந்த ஆறு பேரும் எங்க நடுவுல வந்து உட்காரட்டும். எழுத ஆரம்பிக்கும்போதே பக்கத்துல இருந்து பார்த்தா, கடைசியில யாரும் காத்துக் கிடக்க வேண்டாம்.' நல்ல யோசனை. அதற்கும் ஏறக்குறைய அதே அளவு ஓட்டு விழுந்திருந்தது. எத்தனை பேர் என்று அவள் பார்த்தாள். முப்பத்தெட்டு.

அவள் செய்தது இதுதான். இரண்டையும் தேர்ந்தெடுத்து 'சேர்' என்று அழுத்தினாள். இரண்டும் ஒரே விஷயம் இல்லை, ஒன்றுக்கொன்று நேர் எதிர். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் அழுத்தினாள். நல்ல யோசனை மேலே நிற்கும், அந்த விஷம் அதற்குள் வாலாகச் சுருண்டு மறைந்துவிடும், அண்ணன் கண்ணில் படாது என்று கணக்குப் போட்டாள். ஆனால் எது முதலில் எழுதப்பட்டதோ அதுதான் மேலே நிற்கும், மற்றது அதற்குள் போய்விடும், இரண்டின் ஓட்டும் கூடிவிடும். பலகையைக் கட்டிய அவளுக்கே அது அந்த நேரத்தில் மறந்துவிட்டது. எங்கேயோ சீட்டுப் பதிவு நின்றுவிட்டது என்று ஃபோன் வந்தது. அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினாள். திரும்பிப் பார்க்கவில்லை. பாவி, ஒரே ஒரு தடவை பார்த்திருக்கலாம்.

மறுநாள் காலை ஹால் திரையில் முதலிடம் என்று பெரிதாக வந்தது. 'சோதனை அறையை மூடுங்க.' திங்கட்கிழமைக் கூட்டம் இரண்டாவது.

யாரும் கைதட்டவில்லை. எல்லாத் தலையும் ஒன்றுபோல் பின்னால் திரும்பியது. சுவர் ஓரமாக நின்றிருந்த அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. அவன் திரையை ஒரு தடவை படித்தான், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தான். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என்ன நடந்தது என்று அந்த ஹாலில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். 'இது தப்பு, நான் சேர்த்துட்டேன்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் எதற்குச் சேர்த்தாய் என்று அடுத்த கேள்வி வரும். அண்ணனுக்காக. இத்தனை வருஷம் இல்லை இல்லை என்று தலையில் அடித்துச் சொன்ன அதே வார்த்தை.

அதற்குள் முதலாளி எழுந்துவிட்டார். "பார்த்தீங்களா! சொந்த அண்ணன் அறைன்னு தெரிஞ்சும் நம்ம மேடம் பலகையைத் தொடல. இதுக்குப் பேர்தான் நேர்மை" என்று கையைத் தட்டினார். முதலில் தயங்கிய ஹால் அப்புறம் மொத்தமாகத் தட்டியது. அந்தக் கைதட்டல் ஒரு நொடி அவளுக்கு இனித்துத் தொலைத்தது. பிறகு எத்தனையோ நாள் அவளைத் தூங்கவிடாமல் அரித்தது அந்த ஒரு நொடிதான். "செய்வோம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஐந்து பேருக்கு அன்றைக்கே அங்கே இங்கே இடம் கிடைத்தது. பூதக்கண்ணாடிக்குக் கிடைக்கவில்லை. அவன் வயசுக்கும் சம்பளத்துக்கும் பொருத்தமான இடம் இல்லை என்று பணியாளர் பிரிவில் கையை விரித்தார்கள். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இடம் முளைத்திருக்கும். சொன்னால் மறுபடி அதே முணுமுணுப்பு. சொல்லவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் அண்ணி தட்டை 'ணங்'கென்று வைத்தாள். அவளுக்கு வைத்த தட்டு அது. அண்ணன்தான் பேசினான். "விடு, அவ என்ன பண்ணுவா? ஊரே கூடி முடிவு பண்ணியிருக்கு" என்றான் அண்ணியிடம். அப்புறம் சோற்றைப் பிசைந்துகொண்டே, "நானும் ஒண்ணு எழுதினேன்டி" என்றான்.

"என்ன எழுதின?"

"சுவரை இடிச்சுட்டு எங்களையும் நடுவுல உட்கார வைங்கன்னு. கதவுக்குப் பின்னாடியே இருந்து இருந்து எங்களை எல்லாரும் வில்லனாத்தான் பார்க்கிறாங்க, பக்கத்துல உட்கார்ந்தா அப்படி இருக்காதுன்னு நினைச்சேன். இன்னைக்குப் பட்டியல் முழுக்கத் தேடினேன், காணோம். ஒருத்தர்கூட ஓட்டு போடலன்னா எடுத்துடுவீங்களா?"

அவளுக்குப் புரையேறியது. அண்ணன் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்து, தலையில் தட்டினான். "மெதுவா சாப்பிடு" என்றான். சொல்லித் தொலைத்திருக்கலாம், அந்த இடத்திலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம். தண்ணீரைக் குடித்தாள், எழுந்து கை கழுவப் போய்விட்டாள்.

மறுநாள் முதலாளியின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் கடைசி வரை கேட்டார். கோபப்படவே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "கணக்கு எப்படி வந்தா என்னம்மா, வந்தது நல்ல முடிவு. அந்த அறையால செலவுதான். இப்போ போய் நீங்க கை வச்சீங்கன்னு சொன்னா, பலகையை ஒருத்தனும் இனிமே நம்ப மாட்டான். உங்களையும் நான் வச்சுக்க முடியாது. வீட்டுல ரெண்டு பேருக்கும் வேலை போறதுல யாருக்கு என்ன லாபம்?" என்றார். அவள் எழுந்து வந்துவிட்டாள். அவர் சொன்னதில் நியாயம் இருப்பது போலத் தோன்றியது. தனக்கு வசதியாக இருந்தால் எல்லாமே நியாயமாகத்தான் தோன்றும்.

அண்ணன் சண்டை போட்டிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அவன் சுருங்கிப் போனான். சாப்பாட்டு மேசைக்கு வருவதை நிறுத்தினான், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சாப்பிட்டான். லிஃப்டில் யாராவது இருந்தால் ஏறாமல் பின்பக்கப் படியில் இறங்கினான். அண்ணியிடம் அவன் சொல்வது சுவருக்கு இந்தப் பக்கம் இவள் காதில் விழும். "யார் மூஞ்சியைப் பார்த்தாலும் இவனும் போட்டிருப்பான்னு தோணுது. அவனுக்குக் குழந்தை பிறந்தப்போ அவன் வேலையையும் சேர்த்து நான்தானே பார்த்தேன்? அவனும் போட்டிருப்பானா? ஆபீஸ்ல பாதிப் பேருக்கு மேல போட்டிருக்காங்க. அப்படி என்ன பண்ணிட்டேன் இவங்களுக்கு?" அண்ணி, "விடுங்க, நன்றி கெட்ட ஜனம்" என்பாள். கடைசி நாள் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பின்படி வழியாகவே போய்விடப் போவதாக அவன் சொன்னான். அத்தனை வருஷம் வேலை பார்த்த இடத்திலிருந்து திருடன் போல.

அதைக் கேட்ட பிறகுதான் அவளால் முடியவில்லை. அவன் கடைசி நாளுக்கு முந்தைய தினம், ஞாயிற்றுக்கிழமை. மொட்டை மாடியில் அவன் துவைத்த துணியை உதறி உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தான். அவள் கிளிப்பை எடுத்துக் கொடுத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். பலகையைத் தொட்டதை, எதற்காகத் தொட்டாள் என்பதை, அவன் யோசனை எங்கே போய் ஒளிந்தது என்பதை, முதலாளி சொன்னதை. ஒன்றையும் விடவில்லை.

அவன் கையில் ஈரச் சட்டை அப்படியே இருந்தது. அதிலிருந்து சொட்டிய தண்ணீர் அவன் காலை நனைத்தது.

"எனக்கு எத்தனை பேர் போட்டாங்க?" என்று கேட்டான்.

"முப்பத்தெட்டு."

"முப்பத்தெட்டா? நம்ம ஆபீஸ்லயா?"

"ஆமா அண்ணா."

"நடுவுல வந்து உட்காரட்டும்னு, அதுக்கா? நிஜமாவா?" அவன் முகம் சின்னப் பையன் முகம் போல மலர்ந்தது. அவளுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அந்த மலர்ச்சி அப்படியே வடிந்து, கோபம் ஏறுவதையும் நின்று பார்த்தாள்.

"இதைத் தெரிஞ்சு வச்சுக்கிட்டே இத்தனை நாள் என்கூட ஒரே வீட்டுல இருந்தியா? வேலை போனா போகுதுடி, சனியன். எல்லாரும் என்னை வெறுக்கிறாங்கன்னு நினைச்சு நினைச்சு நான் செத்துட்டு இருந்தேனே, உனக்குத் தெரியும்ல? காதுல விழுந்துச்சுல்ல? அன்னைக்கு ஹால்ல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, வேலையை விட்டாலும் நிமிர்ந்து வெளியே வந்திருப்பேன்ல?"

அவள் அழுதாள். "நாளைக்கு ஹால்ல எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன் அண்ணா. என்னை அனுப்பினா அனுப்பட்டும்" என்றாள்.

"வாயை மூடு. பொண்ணு படிப்பு பாதியில நிக்குது. கடன் கழுத்து வரைக்கும் இருக்கு. நீயும் வீட்டுல வந்து உட்கார்ந்தா எதைத் தின்றது? எனக்காக நீ இனி ஒண்ணும் கிழிக்க வேண்டாம், கிழிச்ச வரைக்கும் போதும்." சட்டையைக் கொடியில் போட்டான். கிளிப்பை அவள் கையிலிருந்து வாங்காமல், குனிந்து டப்பாவிலிருந்து தானே எடுத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை அவன் பின்படி வழியாகப் போகவில்லை. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். அறையைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு, முதல் வரிசை முதல் மேசையிலிருந்து ஆரம்பித்தான். ஒவ்வொருவராக எழுப்பிக் கையைக் குலுக்கினான். யார் அந்த முப்பத்தெட்டுப் பேர் என்று தெரிய வழியில்லை. அதனால் ஒருவரையும் விடவில்லை. "ரொம்ப நன்றிப்பா", "ரொம்ப நன்றிம்மா" என்று எல்லாரிடமும் சொன்னான், ஒவ்வொரு முகத்தையும் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தான். எதற்கு நன்றி என்று யாருக்கும் விளங்கவில்லை. சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். சம்பளம் தண்டம் என்று எழுதியவனும் அங்கேதான் எங்கேயோ நின்று கை கொடுத்திருப்பான். அவனும் ஒரு நன்றியை வாங்கிக்கொண்டிருப்பான். அவள் தன் கண்ணாடி அறைக்குள்ளிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியாக அவள் அறைக்கு வந்தான். கதவைச் சாத்தினான். அவளுக்கும் கையை நீட்டினான். அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அந்த முப்பத்தெட்டுல உன்னோடது ஒண்ணா?" என்று மெதுவாகக் கேட்டான்.

ஆமாம் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் இன்னொரு பொய்க்கு அவளிடம் தெம்பில்லை.

"நான் ஓட்டே போடல அண்ணா. பெயர் தெரியாதுதான், ஆனாலும் யாராவது கண்டுபிடிச்சா உனக்காகன்னு பேசுவாங்கன்னு..."

அவன் தலையை ஆட்டினான். "சரி, யாரு போட்டா என்ன" என்றான். கையை விடுவித்துக்கொண்டு, அவளுக்கு மட்டும் நன்றி சொல்லாமல் வெளியே போனான்.